அறுபத்தைந்து பிரதிகளும் ஆயிரக்கணக்கான கடிதங்களும்: ஹேகர்ஸ்டவுன் ஹாரி வார்னர்

ஹாரி வார்னர் ஜூனியர் என்ற அமெரிக்கர் வீட்டைவிட்டே வெளியே வராமல், அறுபது வருஷத்துக்கும் மேலாக வெறும் 65 பேருக்காக ஒரு பத்திரிகை நடத்தினாராமே, அவருக்குப் போய் எதற்கு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கொடுத்தார்கள், இதையெல்லாம் பதிப்புப் பணி என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில் சொல்வதுபோல, நீங்களும் ஒரு அறிவியல் புனைகதை மின்னிதழ் நடத்துவதாகவும் அதை நாற்பது பேர்கூடப் படிப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி உண்மையில் அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கு வருவதற்கு முன், வார்னரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் எது சரி, எது தப்பு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பாதி சரி. ஆனால் அந்தச் சரியான பாதிக்கே வேறு அர்த்தம் உண்டு.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றும் சொல்லிவிடுகிறேன். நான் பல்கலைக்கழக ஆய்வாளன் அல்ல. ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். பதினேழு வருஷம் ஸ்டென்சில் என்ற மெழுகுத்தாளை வெட்டுவதும் அதைப் பிரதியெடுக்கும் உருட்டச்சில் ஓட்டுவதும்தான் என் பிழைப்பு. நண்பர் ஒருவரின் தட்டச்சுப் பயிலகத்தில் ஒரு பழைய ரோனியோ உருட்டச்சு இயந்திரம் இருந்தது. அதில் ஞாயிற்றுக்கிழமைகளில் எண்பது பிரதி ஓட்டி, நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கதை இதழும் நடத்தினோம். ஓய்வுக்கு முன்பிருந்தே, 1930, 40-களில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் தாங்களே நடத்திய அமெரிக்க ரசிகர் இதழ்களின் ஸ்கேன் பிரதிகளைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். இருபது வருஷப் பழக்கம். வார்னரின் அசல் காகிதம் எதையும் நான் கையில் தொட்டுப் பார்த்ததில்லை, திரையில் பார்த்ததுதான். ஆனால் ஒரு பக்கத்தைப் பார்த்தால், அந்த ஸ்டென்சிலை வெட்டியவர் எந்த இடத்தில் களைத்துப்போனார் என்று என்னால் சொல்லிவிட முடியும்.

வார்னர் 1922 டிசம்பர் 19 அன்று பென்சில்வேனியா மாநிலத்துச் சேம்பர்ஸ்பர்க்கில் பிறந்தார். வாழ்ந்தது பக்கத்து மாநிலமான மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுன் என்ற ரயில்வே ஊரில். 2003 பிப்ரவரி 17 அன்று, தமது எண்பதாவது வயதில், அதே ஊரில் காலமானார். அவர் பையனாக இருந்த காலத்தில் அறிவியல் புனைகதை வாசகர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்த விதமே விசித்திரமானது. ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' பத்திரிகையைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களை எழுதியவரின் முழு முகவரியோடு அதில் அச்சிட்டார்கள். இதைவிடப் பெரிய காரியத்தை அந்தப் பத்திரிகை செய்யவில்லை என்பது என் கருத்து. அதில் வந்த கதைகளில் பெரும்பாலானவை இன்று படிக்கத் தாங்காது. ஆனால் அந்த முகவரிகளைப் பார்த்து, தம் ஊரில் இப்படிக் கதை படிக்கிற ஒரே ஆள் தாம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த பையன்கள், ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் இன்னொரு பையனுக்கு மூன்று சென்ட் தபால்தலை ஒட்டிக் கடிதம் போட்டார்கள். கடிதத் தொடர்பு சங்கமாயிற்று. சங்கங்கள் இதழ் போடத் தொடங்கின.

அப்படி வந்த இதழ்களுக்கு 'ஃபேன்ஸீன்' என்ற பெயர்கூட முதலில் கிடையாது. அந்தச் சொல்லை 1940 அக்டோபரில் உண்டாக்கியவர் லூயிஸ் ரஸ்ஸல் ஷொவனே. வார்னர் தமது முதல் இதழான 'ஸ்பேஸ்வேஸ்'ஸை அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1938 நவம்பரில் தொடங்கிவிட்டார். அப்போது அவருக்குப் பதினாறு வயது முடியவில்லை. 1942 வரை முப்பது இதழ்கள் வந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஓர் இதழ். ஒரு பள்ளி வயதுப் பையன், சம்பளத்துக்கு ஆள் இல்லாமல், நாலு வருஷம் இந்த வேகத்தில் இதழ் கொண்டுவந்தான் என்பதை நான் முதலில் படித்தபோது நம்பவில்லை. ஸ்கேன் பிரதிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேதி பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் நம்பினேன்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அன்று காசில்லாத ரசிகனுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று ஹெக்டோகிராப். ஒரு தட்டில் ஜெலட்டினைக் காய்ச்சி ஊற்றி உறைய வைத்து, ஊதா மையால் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்து எடுத்தால், எழுத்து அந்தக் கூழில் இறங்கிவிடும். பிறகு வெற்றுத் தாளை ஒவ்வொன்றாக அதன்மேல் தடவி எடுக்க வேண்டும். ஐம்பது பிரதி வருவதற்குள் எழுத்து வெளிறிப் போகும். இன்னொரு வழி, எனக்குப் பழக்கமான ஸ்டென்சில். தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத்தாளில் நேராக அடிக்க வேண்டும். எழுத்துக்கட்டை மெழுகைக் கிழிக்கும். கிழிந்த இடத்தின் வழியே மை இறங்கும். எல்லா விரலும் ஒரே அழுத்தத்தில் விழ வேண்டும். கொஞ்சம் ஓங்கி அடித்தால் ஆங்கில 'ஓ' எழுத்தின் நடுவட்டம் பிய்ந்து விழுந்துவிடும். அச்சில் அங்கே கருப்புப் பொட்டுதான் வரும். சுண்டுவிரலுக்குப் பலம் குறைவு என்பதால் 'ஏ' மங்கலாக விழும். பிழை செய்தால் நகப்பூச்சுபோல நெடி அடிக்கும் திருத்தத் திரவத்தைச் சின்னத் தூரிகையால் தடவி, ஊதிக் காயவைத்து, மேலே மறுபடி அடிக்க வேண்டும். காயும் முன் அடித்தால் அந்த இடமே ஓட்டையாகிவிடும். ரசிகர் இதழ்க்காரர்களுக்கு அந்தத் திரவத்தின்மேல் எவ்வளவு பாசம் என்றால், 1984-இல் தங்களுக்கென ஒரு மாநாடு தொடங்கியபோது அதற்கு அந்தத் திரவத்தின் செல்லப் பெயரையே வைத்தார்கள்: 'கார்ஃப்ளூ'.

அடித்து முடித்த பிறகு ஓட்ட வேண்டும். மை காயாத தாள் அடுத்த தாளின் முதுகில் கறை வைக்காமலிருக்க இடையிடையே கழிவுத்தாள் செருக வேண்டும். மறுபக்கம் ஓட்ட வேண்டும். பிறகு மேசையைச் சுற்றி நடந்து நடந்து பக்கம் அடுக்கி, பின் குத்தி, முகவரி எழுதி, தபால்தலை ஒட்ட வேண்டும். எங்கள் எண்பது பிரதிக்கே ஒரு ஞாயிறு முழுதாகப் போய்விடும். ராத்திரி சாப்பிடும்போது சோற்றில் மை வாசனை அடிக்கும். வார்னர் இந்த வேலையை வருஷக்கணக்கில் செய்தார்.

இப்போது அந்த 65-க்கு வருகிறேன். 'ஸ்பேஸ்வேஸ்' நடந்துகொண்டிருந்தபோதே, 1939-இல் 'ஹொரைசன்ஸ்' என்ற இன்னோர் இதழையும் தொடங்கினார். நீங்கள் கேள்விப்பட்டது இதைப் பற்றித்தான். பிற்பாடு இது ஃபேன்டஸி அமெச்சூர் பிரஸ் அசோசியேஷன், சுருக்கமாக 'ஃபாப்பா', என்ற அமைப்பின் வழியாகவே போயிற்று. ஃபாப்பாவை டொனால்ட் வோல்ஹைம் 1937-இல் தொடங்கினார். இப்படி அமெச்சூர் இதழ்களைப் பரிமாறிக்கொள்ளும் சங்கங்கள் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருந்தன, திகில் கதை எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் அவற்றில் மூழ்கிக் கிடந்தவர். வோல்ஹைம் அந்த முறையை அறிவியல் புனைகதைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வோர் உறுப்பினரும் தம் இதழை எல்லா உறுப்பினருக்கும் போதுமான அளவு ஓட்டி, மொத்தக் கட்டையும் அமைப்பின் ஆசிரியருக்கு அனுப்புவார். அவர் எல்லாருடைய இதழிலும் ஒவ்வொன்று எடுத்துக் கட்டாகக் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளுக்கொரு கட்டு அனுப்புவார். வருஷத்துக்கு எட்டுப் பக்கமாவது எழுதாதவர் வெளியேற வேண்டும். உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு முதலில் 50, பிறகு 65. 1950, 60-களில் இடம் காலியாகுமா என்று வருஷக்கணக்கில் வரிசையில் காத்திருந்தவர்கள் உண்டு.

ஆகவே 65 என்பது விற்காமல் போன பத்திரிகையின் கணக்கு அல்ல. அறையில் இருந்த நாற்காலிகளின் எண்ணிக்கை. அந்த 65 பேரும் வெறும் வாசகர்களும் அல்ல; ஒவ்வொருவரும் தாமும் ஓர் இதழ் போடுபவர். வார்னர் எழுதியதற்கு அடுத்த கட்டில் பலர் மறுமொழி எழுதுவார்கள். அவற்றுக்கு அவர் அதற்கடுத்த இதழில் பதில் சொல்வார். மூன்று மாத இடைவெளி விட்டு விட்டு, சாகும்வரை, அறுபது வருஷத்துக்கு மேல் நடந்த ஓர் உரையாடல் அது. சந்தா கட்டிய பத்தாயிரம் பேரில் எத்தனை பேர் ஓர் ஆசிரியரிடம் இப்படிப் பேசுகிறார்கள்?

வீட்டைவிட்டு வெளியே வராதவர் என்பதும் ஒரு பட்டப்பெயரை அப்படியே நம்பியதால் வந்த தப்பு. அவரை 'ஹேகர்ஸ்டவுனின் துறவி' என்று ரசிகர்கள் அழைத்தார்கள். காரணம், மாநாடுகளுக்கு அவர் மிக அரிதாகவே போனார். யாரையும் தேடிப்போய்ப் பார்ப்பதும் அபூர்வம். ஆனால் அவருடைய பிழைப்பு என்ன தெரியுமா? உள்ளூர்ச் செய்தித்தாளின் நிருபர். ஏறக்குறைய நாற்பது வருஷம் ஹேகர்ஸ்டவுன் நாளிதழ்களில் நிருபராகவும் பத்தி எழுதுபவராகவும் இருந்தவர். ஊர்க் கூட்டம், விபத்து, இசை நிகழ்ச்சி, யார் யாருக்குக் கல்யாணம் என்று தினமும் தெருவில் நடந்தவர். பகலெல்லாம் மனிதர்கள் நடுவே இருந்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, முகம் தெரியாத நண்பர்களுக்கு எழுத உட்கார்ந்தார். துறவி என்று சொன்னவர்கள் அவருடைய ராத்திரியை மட்டுமே பார்த்தவர்கள். நிருபர் வேலை என்பதை மறந்துவிட்டால் அவருடைய எழுத்தின் குணமே பிடிபடாது. எதையும் சரிபார்க்கும் பழக்கம், சண்டையில் இரண்டு பக்கத்தையும் கேட்கும் பழக்கம், ராத்திரி எத்தனை மணியானாலும் பக்கத்தை நிரப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பது, எல்லாம் அந்த வேலையில் பழகிய கையிலிருந்து வருவது. 1950-களில் தொழில்முறைப் பத்திரிகைகளில் சில அறிவியல் புனைகதைகளும் எழுதினார். அவற்றை விரிவாகப் பேச ஒன்றுமில்லை. அவருடைய பலம் அங்கே இல்லை.

பலம் கடிதத்தில் இருந்தது. யாராவது ஒரு ரசிகர் இதழை அவருக்கு அனுப்பினால், வாரங்களோ மாதங்களோ கழித்து ஹேகர்ஸ்டவுனிலிருந்து ஓர் உறை வரும். உள்ளே தட்டச்சில் இடைவெளி விடாமல் அடித்த பக்கங்கள். தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்துத் தொடங்குவார். பிறகு இதழின் ஒவ்வொரு பகுதியையும் எடுத்து, படித்ததற்கு அடையாளமாக ஏதாவது சொல்வார். பாராட்டு என்று தனியாக எதுவும் இருக்காது. கட்டுரையில் போகிற போக்கில் வந்த ஒரு பழைய ஊமைப்படத்தைப் பிடித்துக்கொண்டு, அதைத் தாம் பார்த்த கொட்டகையைப் பற்றிச் சொல்வார். யாரோ பேஸ்பால் பற்றி எழுதியிருந்தால் அதிலிருந்து ஆபெராவுக்குப் போவார். அந்த இதழ் உலகப் புகழ் பெற்றவருடையதா, முதல் இதழை இப்போதுதான் தப்பும் தவறுமாக ஓட்டிய பதினைந்து வயதுப் பையனுடையதா என்ற வித்தியாசம் அவருடைய கடிதத்தில் தெரியாது. இரண்டுக்கும் அதே கவனம், அதே நீளம். இப்படி எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில். அவை பல தலைமுறை இதழ்களின் வாசகர் பக்கங்களில் கிடைக்கின்றன: 1940-களின் இதழிலும் அவர் கடிதம், 1990-களின் இதழிலும் அவர் கடிதம். ரசிகர் எழுத்துக்கென வழங்கும் 'ஃபான்' விருதுகளில், சிறந்த கடிதம் எழுதுபவருக்கான விருது இன்று ஹாரி வார்னர் பெயரில்தான் வழங்குகிறது.

இதன் மதிப்பு என்ன என்பதை நான் புத்தகத்திலிருந்து தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் எண்பது பிரதி இதழுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதுவார். நீல நிற இன்லண்ட் லெட்டர். உள்பக்கம் முழுவதும் நிரப்பி, இடம் போதாமல், ஒட்டுவதற்காக விட்டிருக்கும் மடிப்பின் ஓரத்திலும் பொடி எழுத்தில் எழுதியிருப்பார். பிரிக்கும்போது ஒரு வரி எப்போதும் கிழிந்துபோகும். அந்தக் கிழிந்த வரியில் என்ன எழுதியிருந்தது என்று நாங்கள் நாலு பேரும் கூடி உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவோம். இதழ் அனுப்பிப் பத்து நாள் ஆனதும், தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் வாசலில் நிற்பேன். எங்களில் இரண்டு பேர் இதழை நிறுத்திவிடலாம் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவருடைய கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துத்தான் தொடர்ந்தோம். ஒரு வருஷம் கடிதம் வரவில்லை. விசாரித்ததில் அவர் காலமாகிவிட்டது தெரிந்தது. அதற்கப்புறம் இரண்டு இதழ்தான் வந்தது. இதைச் சொல்லும்போது இன்னும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. வார்னர் அமெரிக்கா முழுக்க, பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும்கூட, எத்தனையோ பேருக்கு அந்த ஆசிரியராக இருந்தார்.

இனி அவருடைய இரண்டாவது பெரிய பணி: வரலாறு எழுதியது. தமக்கு வந்த இதழ்களையும் கடிதங்களையும் அவர் எறியவில்லை. மாடியறையில் சேர்த்து வைத்தார். அவற்றைக் கொண்டும், பழைய ரசிகர்களுக்கு எழுதிக் கேட்டும், 1940-களின் ரசிகர் உலகத்தைப் பற்றி 'ஆல் அவர் யெஸ்டர்டேஸ்' என்ற நூலை எழுதினார். சிகாகோவின் அட்வென்ட் பதிப்பகம் 1969-இல் அதை வெளியிட்டது. 1950-களைப் பற்றிய அடுத்த நூல், 'எ வெல்த் ஆஃப் ஃபேபிள்', 1970-களில் முதலில் உருட்டச்சுப் பிரதியாக வந்து, 1992-இல் முறையான புத்தகமாயிற்று. அதற்கு முந்தைய முப்பதுகளைப் பற்றி சாம் மாஸ்கோவிட்ஸ் எழுதிய 'தி இம்மார்ட்டல் ஸ்டார்ம்' இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், வரலாற்றை யார் எழுதுகிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்று புரியும். மாஸ்கோவிட்ஸ் நியூயார்க் சண்டைகளில் தாமே ஒரு கட்சி. 1939 ஜூலையில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், எதிரணியான ஃப்யூச்சரியன்களில் ஆறு பேரை உள்ளே விடாமல் நிறுத்தியவர்களில் ஒருவர். அந்த ஆறு பேரில் வோல்ஹைமும் ஃப்ரெட்ரிக் போலும் உண்டு. தாம் கட்சியாக இருந்த சண்டையைத் தாமே எழுதும்போது எவ்வளவுதான் முயன்றாலும் தராசு ஒரு பக்கம் சாயும். வார்னரோ ஹேகர்ஸ்டவுனில் இருந்தார். 'ஸ்பேஸ்வேஸ்' நடத்திய காலத்திலேயே இந்தக் கோஷ்டிச் சண்டைகளுக்கு அதில் இடம் தருவதில்லை என்று பிடிவாதமாக இருந்தவர். மாநாடுகளுக்குப் போகாமலிருந்ததுதான் அவரை நல்ல வரலாற்றாசிரியர் ஆக்கியது என்பது என் முடிவு. இரு தரப்பாரும் அவருக்கு மனம்விட்டு எழுதினார்கள்.

ஆனால் அவர் எழுதியதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. உறுதியாகச் சொல்லக்கூடியது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரிக்க எனக்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. ஓர் இதழ் எந்த மாதம் வந்தது, அதில் யார் எழுதினார்கள், எத்தனை பக்கம், இவையெல்லாம் காகிதத்திலேயே இருக்கின்றன, நம்பலாம். யார் யாரிடம் என்ன சொன்னார், சண்டை எதனால் வந்தது என்பவை இருபது முப்பது வருஷம் கழித்து நினைவிலிருந்து கடிதத்தில் எழுதியவை; அங்கே ஜாக்கிரதை வேண்டும். அச்சில் வந்துவிட்டதாலேயே உண்மையாகிவிடாது என்பதற்கு அந்த உலகத்திலேயே உதாரணம் உண்டு. இல்லினாயைச் சேர்ந்த பாப் டக்கர், 'லெ ஸோம்பி' இதழ் நடத்தியவர், 1930-களிலேயே இறந்துவிட்டதாக ஒரு தொழில்முறைப் பத்திரிகையின் கடிதப் பகுதியில் செய்தி வந்தது. அவர் 2006 வரை வாழ்ந்தார்.

முதல் ரசிகர் இதழ் எது என்பதும் அப்படித்தான். பெரும்பாலோர் 1930 மே மாதம் வந்த 'தி காமெட்'டைச் சொல்வார்கள். ரே பாமர் ஆசிரியராக இருந்து கடிதத் தொடர்புச் சங்கம் ஒன்றுக்காக வெளியிட்டது. ஆனால் அதில் பாதிக்கு மேல் அறிவியல் கட்டுரைகள். முழுக்க அறிவியல் புனைகதையைப் பற்றியே பேசியது 1932-இல் வந்த 'தி டைம் டிராவலர்' என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். ரசிகர் இதழ் என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்த விஷயம் இது. யாராவது ஒரே தேதியை அடித்துச் சொன்னால், எந்த அளவுகோலை வைத்து என்று கேளுங்கள்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். வார்னருடைய நூல்கள் உட்பட அந்தத் தலைமுறை எழுதிய வரலாறுகளில் பெண்களுக்குக் கிடைக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை. மொரோஜோ என்று அறியப்பட்ட மர்ட்டில் டக்ளஸைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற பேர்பெற்ற ரசிகரோடு சேர்ந்து, வாசகர் கடிதங்களுக்காகவே நடந்த 'வாய்ஸ் ஆஃப் தி இமாஜிநேஷன்' இதழைக் கொண்டுவந்தவர். 1939 மாநாட்டுக்கு ஆக்கர்மனும் அவரும் அணிந்துபோன எதிர்கால உடைகளைத் தைத்தது அவர் கை. இன்று லட்சம் பேர் வேஷம் கட்டிக்கொண்டு மாநாடுகளுக்குப் போகிறார்கள். அதன் தொடக்கத்தில் அவர் நிற்கிறார். ஆனாலும் நெடுங்காலம் ஆக்கர்மன் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட பெயராகவே அவர் இருந்தார். ஹ்யூகோ வழங்கப்படாத பழைய வருஷங்களுக்குப் பிற்பாடு தரும் பின்னோக்கிய ஹ்யூகோ அவர்கள் இதழுக்குக் கிடைத்தது 2020-இல்; மொரோஜோ 1964-இலேயே காலமாகிவிட்டார். வரலாற்று நூலோடு நிற்காமல் அசல் இதழ்களையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். அட்டையின் உள்பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இதழே சொல்லிவிடும். 'ஃபனாக்' என்ற ரசிகர் வரலாற்றுத் தளத்தில் இந்த ஸ்கேன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 'ஸ்பேஸ்வேஸ்'ஸும் அங்கே இருக்கிறது.

விருதுக் கேள்விக்குச் சுருக்கமான பதில். வார்னருக்குச் சிறந்த ரசிகர் எழுத்தாளருக்கான ஹ்யூகோ 1969-இலும் 1972-இலும் கிடைத்தது. 'எ வெல்த் ஆஃப் ஃபேபிள்' நூலுக்கு 1993-இல் மூன்றாவது ஹ்யூகோ. நடுவே 1971-இல் பாஸ்டன் உலக மாநாட்டில் ரசிகர் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டார். 65 பிரதி ஓட்டியதற்காகக் கொடுத்தது அல்ல. ஹ்யூகோ என்பது மாநாட்டு உறுப்பினர்கள் வாக்களித்துத் தரும் விருது. அவருடைய கடிதத்தை எப்போதாவது உறையைப் பிரித்து எடுத்தவர்கள் அந்த வாக்காளர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ரசிகர் இதழ்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக வேறொரு நியாயம் சொல்வார்கள். சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல் பள்ளிப் பையனாக இருந்தபோது க்ளீவ்லாந்தில் உருட்டச்சில் ஓட்டிய இதழில்தான், 1933-இல், சூப்பர்மேன் என்ற பெயர் முதலில் வந்தது. ரே பிராட்பரியும் 1939-இல் ஓர் இதழ் போட்டார். ஆகவே சின்ன இதழ் பெரிய எழுத்தாளருக்கு நாற்றங்கால் என்பார்கள். தகவல் உண்மை. ஆனால் அந்த நியாயத்தை நான் ஏற்பதில்லை. அப்படிப் பார்த்தால் வார்னர் வெறும் தோல்வி. அவர் எந்தப் பெரிய இடத்துக்கும் போகவில்லை. ஹேகர்ஸ்டவுனில் ஒரு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம், பதில் எழுத வேண்டிய இதழ்களின் அடுக்கு, இவைதான் கடைசிவரை. அந்த இடமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அங்கே அவர் செய்த வேலையை வேறு யாரும் அந்த அளவுக்குச் செய்யவில்லை.

உங்கள் நாற்பது பேருக்கு வருகிறேன். இதைப் பதிப்பு என்று சொல்லலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு. அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் உங்களுக்கு எழுதுகிறார்கள்? அவர்களுக்கு நீங்கள் பதில் எழுதுகிறீர்களா? வாசகர் கடிதத்துக்கு இதழில் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்களா? மற்றவர்கள் நடத்தும் சின்ன மின்னிதழ்களைப் படித்துவிட்டு அவர்களுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்களா? வார்னரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை இதுதான். அறுபது வருஷப் பிடிவாதத்தை எல்லாராலும் எடுத்துக்கொள்ள முடியாது. கூடவே, வந்த கடிதம், அனுப்பிய இதழ், எல்லாவற்றையும் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். கணினியில் ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். வார்னரின் மாடியறை இல்லையென்றால் அந்த இரண்டு நூல்களும் இல்லை.

உங்கள் இதழின் பெயரைக் கேள்வியில் குறிப்பிடவில்லை. பெயரையும், இதுவரை வந்த இதழ்களையும் எனக்கு அனுப்புங்கள். கண் முன்போல இல்லை. திரையில் ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம்தான் படிக்க முடிகிறது. ஆனாலும் முதல் இதழிலிருந்து வரிசையாகப் படித்து எழுதுகிறேன். மழைக்காலம் முடிவதற்குள் முதல் கடிதம் வந்துவிடும்.